சித்திரம் எழுதும் மாணவனும் சரித்திரத்தின் கௌரவமும்

பள்ளிப் பிள்ளைகள் சரித்திரப் பாடத்தைக் கணினியில் படக்கதையாகத் தாமே இயற்றிக் காட்டுவது என்கிற முறை நம் நாட்டில் ஆங்காங்கே தலைகாட்டத் தொடங்கியதிலிருந்து, கல்வியில் அக்கறையுள்ள பெரியோர் பலர் ஒரே அபிப்பிராயத்தை ஒரே தொனியில் சொல்லி வருகின்றனர். சரித்திரம் கம்பீரமான சாஸ்திரம், காமிக்ஸ் என்பதோ ரயில் பிரயாணத்தில் பொழுது போவதற்காக வாங்குகிற சரக்கு, இரண்டையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தால் முன்னதன் கௌரவம் குலையும், பிள்ளைகள் கற்பனையை உண்மையென்று நம்பிவிடுவார்கள், பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரம் படம் ஒட்டுவதில் பாழாகும் என்பதே அவர்கள் கட்சி. ஆசிரியர் அறைகளிலும் பெற்றோர் கூட்டங்களிலும் இந்தக் கட்சிக்கு எதிர்க்கட்சியே இல்லை என்று சொல்லலாம். மறுத்துப் பேசுகிற ஒரு சிலரும், "பிள்ளைகள் ஆசையாகச் செய்கிறார்கள், செய்துவிட்டுத்தான் போகட்டுமே" என்று தாட்சணியம் கோருகிறார்களேயொழிய, அந்த முறைக்குள்ள நியாயத்தை எடுத்துச் சொல்வதில்லை. எனக்கு இந்தத் தாட்சணியத்திலும் சம்மதமில்லை. படக்கதை எழுதச் சொல்வது சரித்திரத்தை எளிதாக்கும் உபாயம் என்று எதிர்ப்பவர்களும் ஆதரிப்பவர்களும் ஒருங்கே எண்ணுகிறார்கள். அது பாடத்தைக் கடினமாக்குகிறது என்பதும், அதன் பொருட்டே அது வேண்டும் என்பதும் என் வாதம்.

கௌரவம் பற்றிய ஆட்சேபத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். காஞ்சிபுரத்தில் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போயிருப்பவர்கள், கருவறையைச் சூழ்ந்த திருச்சுற்று மாளிகையின் சுவர்களில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்ட சிற்பங்களைக் கண்டிருப்பார்கள். எட்டாம் நூற்றாண்டில் எழுந்த அந்தக் கோயிலின் சுவரில் பல்லவ வம்சத்தின் கதை, ஒரு கட்டத்துக்கு அடுத்து ஒரு கட்டமாக, முடிசூட்டலும் யுத்தமும் தூதும் அசுவமேதமுமாக நடந்து செல்கிறது. சில கட்டங்களுக்கு மேல் இன்ன காட்சி என்று கூறும் வாசகமும் கல்லிலேயே வெட்டப்பட்டிருக்கிறது. இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசின்றி மாண்டபின், அமைச்சரும் கடிகை என்னும் கல்விக்கூடத்தாரும் கூடிச் சென்று கிளைவம்சத்து இரணியவர்மனிடம் அரசுக்கு ஒரு மகனைக் கேட்டதும், மூத்தவர்கள் மறுக்க, பன்னிரண்டு வயதுப் பாலகன் ஒருவன் இசைந்து வந்து நந்திவர்மன் என்ற பெயரோடு பட்டம் எய்தியதும் நமக்கு இத்தனை விவரமாகத் தெரிய வருவது அந்தச் சுவரின் உபகாரத்தால்தான். டாக்டர் சி. மீனாட்சி அந்தச் சிற்பங்களை ஆராய்ந்து எழுதிய நூலை 1941-இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. பல்லவர் சரித்திரம் எழுதுகிற எவரும் அதைத் தொடாமல் அப்பால் போக முடியாது. கட்டம் கட்டமாய்ப் படம், படத்தோடு வாசகம். இதற்கு இக்காலத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் எதுவாயினும் ஆகுக, பல்லவ மன்னன் தன் கௌரவத்துக்கு அது குறைவென்று கருதவில்லை. கருதாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நேர்வாரிசாக அல்லாமல் கிளைவழியிலிருந்து வந்து சிம்மாசனம் ஏறியவனுக்குத் தன் உரிமையை ஊரறியச் சொல்லிக்கொள்ளும் அவசியம் இருந்தது. ஆகவே அந்தச் சுவரின் முன் நிற்கிற மாணவன் கேட்க வேண்டிய கேள்வி, "இங்கே என்ன நடந்தது?" என்பதோடு நில்லாமல், "இதைச் செதுக்கச் சொன்னவர் யார், எதற்காகச் சொன்னார்?" என்பதுவரை போக வேண்டும். தானே ஒரு படக்கதையை இயற்றி, எந்தக் காட்சியை வைப்பது, எதை விடுவது என்று தவித்த பிள்ளைக்கு இந்தக் கேள்வி சொல்லித் தராமலே வரும்.

இனி, எழுத்தில் உள்ள கண்டிப்பு படத்தில் இராது என்னும் வாதம். உண்மை இதற்கு நேர்மாறு என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். பத்தாம் வகுப்புப் பாடநூலில் வேலூர்க் கிளர்ச்சி வருகிறது. 1806-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள் விடியற்காலையில் வேலூர்க் கோட்டையில் இருந்த சென்னைப் படைச் சிப்பாய்கள், புதிய தலைப்பாகை முதலிய உத்தரவுகளால் மனம் புண்பட்டு, வெள்ளைக்காரப் படைமீது பாய்ந்த வரலாறு அது. "புதிய தலைப்பாகையே உடனடிக் காரணம்" என்று ஒரு வரியை மனப்பாடம் செய்து எழுதிய பையனுக்கு அதற்குரிய மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. அந்தத் தலைப்பாகை எப்படி இருந்தது என்று அவனுக்குத் தெரியாது. தெரியாது என்பதும் அவனுக்குத் தெரியாது. திருத்துகிற ஆசிரியருக்கும் அதைப் பற்றிக் கவலையில்லை. சொல்லின் சௌகரியம் அப்படிப்பட்டது: பொருளைக் காணாமலே பெயரை வைத்துக் காலம் தள்ளலாம். அதே பையனை ஒரு கட்டத்தில் அந்தச் சிப்பாயை வரையச் சொல்லுங்கள். தலையில் எதையாவது வைத்தாக வேண்டும். எதை வைப்பது?

ஒரு பள்ளியில் நான் பார்த்த முதற்பிரதியில், ஒரு மாணவி கணினியிலிருந்த ஆயத்தப் படங்களுக்குள் தேடி, ராஜஸ்தானத்துக் கல்யாண மாப்பிள்ளையின் சிவந்த முண்டாசை எடுத்துச் சிப்பாய்க்குச் சூட்டியிருந்தாள். பக்கத்திலிருந்த தோழி, "இந்த முண்டாசைக் கட்டச் சொன்னால் எவனுக்காவது கோபம் வருமாடி?" என்று கேட்டாள். அன்றைய பாடம் அங்கேதான் ஆரம்பமாயிற்று. அவர்கள் தேடிப் படித்துக் கண்டுகொண்டது இது: 1805 நவம்பரில் புகுத்தப்பட்ட அந்தப் புதிய தலையணி ஐரோப்பியரின் வட்டத் தொப்பியை ஒத்திருந்தது, அதில் தோலால் செய்த குஞ்சம் ஒன்று வைத்திருந்தார்கள், நெற்றியில் சமயக் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது என்னும் விதிகளும் அதையொட்டி வந்தன. தொப்பி பறங்கியரின் அடையாளமாய் இருந்த காலத்தில் இத்தனையும் ஒருசேர வந்தால், அடுத்தபடி மதம் மாற்றிவிடுவார்கள் என்னும் அச்சம் ஹிந்துச் சிப்பாய்க்கும் முஸ்லிம் சிப்பாய்க்கும் ஏன் ஒரே சமயத்தில் உண்டாயிற்று என்பது விளங்குகிறது. மாணவி முண்டாசை அழித்துவிட்டுத் தொப்பி போன்ற ஒன்றை வரைந்தாள். கூடவே முந்தின கட்டத்தில் அதே சிப்பாயின் நெற்றியில் நாமத்தையும் காதில் கடுக்கனையும் சேர்த்து, அடுத்த கட்டத்தில் இரண்டையும் நீக்கினாள். எதை இழந்தான் என்று காட்டுவதற்கு முதலில் எது இருந்தது என்று காட்ட வேண்டியிருக்கிறது அல்லவா? காரணகாரிய சம்பந்தம் என்று நாம் பெரிய வார்த்தைகளில் சொல்வதை அந்தப் பெண் இரண்டே கட்டங்களில் செய்துவிட்டாள்.

கதையை எந்தக் கட்டத்தில் தொடங்குவது என்பது அதனினும் பெரிய பிரச்சினை. எட்டுக் கட்டங்கள்தான் உண்டு என்று ஆசிரியர் வரம்பு கட்டிவிட்டாரானால், முதற்கட்டமே ஒரு தீர்ப்பாகிவிடுகிறது. கோட்டைக்குள் உறங்கிக்கொண்டிருந்த 69-ஆம் படைப்பிரிவு வெள்ளைச் சோல்ஜர்கள்மீது குண்டு பாய்வதிலிருந்து தொடங்குகிறவன் எழுதுவது படுகொலையின் கதை. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து, திப்புவின் குமாரர்கள் வேலூருக்குக் கொண்டுவரப்பட்டதிலிருந்து தொடங்குகிறவன் இழந்த ராஜ்யத்தை மீட்க முயன்ற கதையை எழுதுகிறான். திப்புவின் மகள் ஒருத்தியின் கல்யாணத்தை அடுத்து எழுந்த கிளர்ச்சியில் மைசூர்க் கொடி கோட்டையில் ஏறியது அவனுக்குச் சாட்சி. 1806 மே மாதத்தில் தலைப்பாகையை மறுத்த சிப்பாய்களில் ஒரு ஹிந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் ஆளுக்குத் தொள்ளாயிரம் கசையடி விதித்ததிலிருந்து தொடங்குகிறவனோ அவமானமும் சினமும் முற்றிய கதையைச் சொல்கிறான். மூன்றும் பொய்யல்ல, மூன்றும் ஒரே கதையும் அல்ல. வரலாற்று நூல்களை எழுதுகிற பண்டிதர்கள் எந்த இடத்தில் கருத்து மாறுபட்டு நிற்கிறார்களோ, அந்த இடத்திலேயே பதினைந்து வயதுப் பிள்ளைகள் மேசையைச் சுற்றி நின்று வழக்காடுவதைக் காண்கிறோம். பாடநூலின் "காரணங்கள்" என்னும் தலைப்பின் கீழ் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டு இவை எல்லாம் சமாதானமாக அடுக்கப்பட்டிருக்கும்வரை அப்படியொரு வழக்கு இருப்பதே மாணவனுக்குத் தெரிய வழியில்லை.

கசப்பான பகுதியும் உண்டு. அந்த இரவில் ஆஸ்பத்திரியில் நோயாளியாய்ப் படுத்திருந்த சோல்ஜர்களும் கொல்லப்பட்டார்கள். காலையில் ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்து வந்த கில்லெஸ்பி கோட்டையைக் கைப்பற்றியபின், சிப்பாய்கள் நூறுபேரளவில் சுவரோரம் நிறுத்தப்பட்டு விசாரணையின்றிச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பாடநூல் ஒரு பெயரடையில் கடந்து செல்லும் இவற்றை, வரைகிறவன் கடந்து செல்ல இயலாது. காட்டுவதா, மறைப்பதா, தூரத்தில் நிழலாகக் காட்டுவதா, ஒன்றைக் காட்டி மற்றதை மறைத்தால் அது நியாயமா என்று முடிவு செய்தாக வேண்டும். இதைப் பொழுதுபோக்கு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

"கற்பனை புகுந்துவிடும்" என்பது அடுத்த ஆட்சேபம். புகும் என்கிறார்களே, அது ஏற்கனவே புகுந்து, நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதை அவர்கள் கவனிக்கவில்லையா? கயத்தாற்றில் 1799 அக்டோபர் 16-ஆம் நாள் தூக்கிலிடப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரருக்கு எந்த முகம், எந்தக் குரல், எந்த நடை என்று தமிழ்நாட்டில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சிவாஜி கணேசனைத்தான் சொல்லும். பந்துலு 1959-இல் எடுத்த அந்தப் படம் அற்புதமான படம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் அதன் உடையும் உரையாடலும் கலைஞர்கள் சமைத்தவை என்று பிரித்துச் சொல்லும் பழக்கத்தை நாம் எந்த வகுப்பிலும் கற்பிக்கவில்லை. கற்பனையைத் தள்ளி வைத்துவிட்டுச் சரித்திரம் படிக்கலாம் என்று எண்ணுவது வீண். எது கற்பனை என்று கோடு கிழித்துக் காட்டப் பழக்குவதே சாத்தியமான காரியம். அதற்கு எளிய வழி ஒன்றுண்டு. ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் மாணவன் இரண்டில் ஒரு சொல்லை எழுதட்டும்: பிரமாணம், அல்லது அனுமானம். பிரமாணம் என்றால் எந்த நூல், எந்தப் பக்கம் என்று கூறட்டும்; அனுமானம் என்றால் எதிலிருந்து அனுமானித்தான் என்று கூறட்டும்.

இதைச் சிறுபிள்ளை வேலை என்று நினைப்பவர்களுக்காக ஒரு கட்டத்தைக் காட்டுகிறேன். வேலூரில் கிளர்ச்சி எழுந்தது இரவு இரண்டு மணிக்கு என்று சில நூல்களும் மூன்று மணிக்கு என்று சில நூல்களும் கூறுகின்றன. கோட்டையின்மேல் வானத்துக்கு என்ன நிறம் பூசுவது? காரிருளா, நிலவா? அதே 1806-இல் ஜூன் 16-ஆம் தேதி அமெரிக்காவில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்தது என்பது பதிவான செய்தி. சூரிய கிரகணம் அமாவாசையில்தான் நிகழும். அமாவாசைக்கும் அமாவாசைக்கும் இடையே இருபத்தொன்பதரை நாள் ஆகையால், அடுத்த அமாவாசை ஜூலை 16-ஐ ஒட்டி வருகிறது. ஆகவே ஜூலை 10 விடியற்காலையில் தேய்பிறை. பாதிக்குச் சற்றுக் குறைந்த சந்திரன் நள்ளிரவுக்குப் பின் கீழ்வானில் உதித்து, கிளர்ச்சி தொடங்கிய வேளையில் அடிவானத்தைவிட்டு ஓரளவு மேலே வந்திருப்பான். இவ்வளவும் பத்தாம் வகுப்புப் பையன் கூட்டிக் கழித்துக் கண்டுகொள்ளக் கூடியதே. மேகம் மறைத்திருந்ததா என்பதற்கு அவனிடம் சாட்சி இல்லை. அந்த இடத்தில் "அனுமானம்" என்று அவன் எழுதிவிடுவான். ஒரு வானத்துக்கு நிறம் பூசுவதற்காக இத்தனை தூரம் போன பிள்ளையைப் பார்த்து, கற்பனையில் மிதக்கிறான் என்று சொல்லும் துணிவு யாருக்கேனும் உண்டா?

எதிர்க்கட்சியார் செய்கிற பிழை ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். வாங்கிப் படிக்கிற படக்கதையின்மேல் உள்ள குற்றங்களை எடுத்து, இயற்றுகிற படக்கதையின் தலையில் சுமத்துகிறார்கள். 1967-இல் அனந்த் பாய் தொடங்கிய அமர் சித்திரக் கதைகளைப் பற்றி, வீரர்களெல்லாம் சிவந்த மேனியும் தீயவர்களெல்லாம் கறுத்த மேனியுமாக இருக்கிறார்கள் என்றும், அரசர்கள் கதையே அதிகம் என்றும் கூறப்பட்ட குறைகளில் நியாயமில்லாமற் போகவில்லை. பிறர் வரைந்து தந்த படத்தை விழுங்குகிறவனுக்கு அந்த அபாயம் உண்டு. தானே வரைகிறவன், சிப்பாயின் மேனிக்கு எந்த வர்ணம் என்று தீர்மானிக்கும் கணத்தில், அந்த அபாயத்தை நேருக்கு நேர் சந்திக்கிறான். வயதுவந்தோர் உலகிலோ இந்த வழக்கு எப்போதோ முடிந்துபோனது. யூதர்கள் நாஜிகளிடம் பட்ட பாட்டை எலிகளும் பூனைகளுமாக வரைந்த ஆர்ட் ஸ்பீகல்மனின் மௌஸ் 1992-இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றது. அம்பேத்கரின் வாழ்க்கையைக் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் 2011-இல் பீமாயணமாக வரைந்தபோது நாற்கோணக் கட்டங்களையே துறந்து தங்கள் குலத்துக் கோலங்களால் பக்கத்தைப் பிரித்தார்கள். இதற்குமேல் இதில் விரிக்க ஒன்றுமில்லை.

கணினி எதற்கு, காகிதமும் பென்சிலும் போதாதா என்று கேட்பார்கள். போதும், காகிதத்தில் செய்கிற பள்ளியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் படம் வரைய வராத பிள்ளை காகித வகுப்பில் வாய்மூடி ஒதுங்கிவிடும் என்பதையும், பிழையென்று தெரிந்தபின் ஒரு தலைப்பாகையை மாற்றுவதற்குக் காகிதத்தில் முழுப்பக்கத்தையும் மறுபடி வரைய வேண்டும் என்பதையும், அந்த அலுப்பினாலேயே பிழை திருத்தப்படாமல் நின்றுவிடும் என்பதையும் அனுபவமுள்ள ஆசிரியர்கள் அறிவார்கள். யந்திரத்துக்கும் தன் தோஷங்கள் உண்டு. இந்தச் செயலிகள் பெரும்பாலும் மேல்நாட்டில் பிறந்தவை. கோட்டை என்று கேட்டால் கூர்முனைக் கோபுரங்களும் தூக்குப்பாலமுமாய் ஐரோப்பியப் பிரபுவின் மாளிகையைக் கொண்டுவந்து நிறுத்தும். அகன்ற அகழிக்குள் தணிந்த கருங்கல் மதிலும், உள்ளே சலகண்டேசுவரர் கோயில் கோபுரமுமாய் நிற்கிற வேலூர் அதில் எங்கே கிடைக்கும்? சில செயலிகளில் தமிழைத் தட்டினால் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து, பேச்சுக் குமிழிக்குள் அகதிகளாய் நிற்கும். இவை எரிச்சலூட்டும் குறைகளே. ஆயினும் மேல்நாட்டுக் கோட்டையைப் பார்த்து, "சார், இது நம்ம கோட்டை இல்லை" என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால், தன் ஊரை அது முதன்முறையாக உற்றுப் பார்த்துவிட்டது என்று கொள்ளலாம்.

ஒரு விஷயத்தில் நான் எதிர்க்கட்சியாரோடு சேர்ந்துகொள்கிறேன். செயற்கை நுண்ணறிவிடம் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, அது ஒரு நொடியில் உமிழ்ந்து தருகிற படத்தைக் கட்டத்தில் ஒட்டிக் கொண்டுவருவதை நான் படக்கதை இயற்றுவதாக ஒப்புக்கொள்ள மாட்டேன். முண்டாசா, தொப்பியா என்று தயங்கும் அந்தத் தயக்கமே பாடமாயிருக்க, தயக்கத்தைப் பறித்துக்கொள்கிற யந்திரம் பாடத்தையே பறித்துக்கொள்கிறது. அப்படி வந்த படத்தை வகுப்பில் ஒரு விதத்தில்தான் பயன்படுத்தலாம்: அதைச் சுவரில் காட்டி, இதில் எத்தனை பிழை என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லலாம்.

கடைசியாகப் பரீட்சை. நேரம் போதாது என்பதே ஆசிரியர்கள் வாய்விட்டுச் சொல்லும் காரணம். அதை நான் அலட்சியம் செய்யவில்லை. முழுப் பாடநூலையும் படக்கதையாக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அவரோடு நானும் சண்டைக்குப் போவேன். பொருளாதாரக் கொள்கையும் அரசியலமைப்பின் ஷரத்துகளும் படத்துக்கு வசப்படா. அவற்றை எழுத்தில் படிப்பதே உசிதம். ஆண்டுக்கு ஒரு பாடம், மாவட்டத்தின் சரித்திரத்தோடு சம்பந்தமுள்ள ஒரு பாடம், அதற்கு ஐந்து பாடவேளை, அவ்வளவே நான் கேட்பது. அரசு மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் என்று பெயர்ப்பலகை தொங்கும் அறைகள் பல, தேர்வுப் பயிற்சி நாள் தவிர மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, நேரமும் வசதியும் இல்லை என்பதை நம்புவது சிரமமாக இருக்கிறது. மதிப்பெண்ணைப் பொறுத்தவரை, "தலைப்பாகையே உடனடிக் காரணம்" என்னும் வரியை, அந்தத் தலைப்பாகையை வரைந்த பிள்ளை மறந்துபோய் மதிப்பெண் இழக்கும் என்று யாரும் அஞ்ச வேண்டியதில்லை.

ஆகையால் சரித்திர ஆசிரியர்களுக்கு என் விண்ணப்பம் இது. வருகிற கல்வியாண்டில் ஒரு பாடத்தை மட்டும் இம்முறையில் நடத்திப் பாருங்கள். எட்டுக் கட்டத்துக்குமேல் அனுமதிக்காதீர்கள். ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் பிரமாணமா அனுமானமா என்று எழுதாத படத்தை, எவ்வளவு அழகாக இருந்தாலும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முடிந்தபின் பிள்ளைகளின் படங்களையும் அவர்கள் பழைய முறையில் எழுதிய விடைத்தாள்களையும் அருகருகே வைத்துப் படித்துவிட்டு, அதன் பிறகு சரித்திரத்தின் கௌரவத்தைப் பற்றிப் பேச வாருங்கள்.